குதிரைக்கு வாந்தி வராது

டேனி,

நீ அனுப்பிய டிக்கெட் போனில் வந்து சேர்ந்தது. ஷீபாவுக்கு மாதம் நெருங்குகிறது, அம்மா வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீ கேட்பதில் தப்பே இல்லை. செட்டியார்பட்டியிலும் சேத்தூரிலும் ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கிய நர்சு, சொந்தப் பேரப்பிள்ளையை வாங்கப் போகமாட்டாளாம் என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். நீ கேட்கும்போதெல்லாம் நான் "குதிரை இருக்கே ஐயா" என்று சொல்லி வந்தேன். நீயும் சளைக்காமல் குதிரைக்கு ஒரு வழி பண்ணினாய். அந்த வழியில் போன வாரம் என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்தால் நடுவில் நாலு தடவை "சரிம்மா, சரிம்மா" என்பாய், அப்புறம் "சிட்டுவைக் காட்டுங்க" என்பாய். பெற்றவள் முகத்தை நீ பார்ப்பது குதிரை முகத்தைப் பார்த்த பிறகுதான். அதனால் எழுதுகிறேன். முடித்ததும் தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்புவேன், உட்கார்ந்து படி. வருகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கடைசித் தாளை முதலில் படிக்காதே.

சிட்டு நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை. நம் ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு நாய் வளர்க்கிறார்கள், நான் கோழி வளர்க்கக்கூட உன் அப்பாவை விட்டதில்லை. அவர் தவறிய மறு வருஷம் நீ ஒரு லாரியில் வெள்ளைக் குதிரை ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாய். சின்ன வயசு ஆசை என்றாய். அத்தனை பெரிய உருப்படிக்குச் சிட்டு என்று பேர் வைத்தாய். கொஞ்ச நாள் நீயே குளிப்பாட்டினாய், நீயே புல் வெட்டிப் போட்டாய், எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கனடா வேலை வந்ததும் "ஆறு மாசந்தாம்மா, பாத்துக்கோங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தாய். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் ராத் தங்கியதில்லை. வத்திராயிருப்பில் உன் அத்தை பேத்தி கல்யாணத்தில் பந்தியில் ரசம் வருமுன்னே எழுந்துவிட்டேன், தண்ணீர் வைக்கிற நேரம் வந்துவிட்டதென்று. கோயில் அசன விருந்துக்குப் போனாலும் கண் கேட்டுப் பக்கம்தான். ஊரில் எல்லாரும் என்னை விசாரிப்பதற்கு முன்னால் குதிரையை விசாரிக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் பேண்டு செட்டும் ஊர்வலக் குதிரைகளும் வைத்திருக்கிற பாண்டியை நீ எங்கிருந்து பிடித்தாய் என்று தெரியவில்லை. மரியாதையான மனுஷன்தான். வந்து பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல சாது நர்சம்மா. வெடிச் சத்தத்துக்கு மிரளாம இருந்தாப் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருக்கு, அதுல ஒரு தடவை நடத்திப் பாத்துக்கிடுவோம்" என்றார். நானும் கூடவே போனேன். சிட்டுவுக்கு நெற்றியில் குஞ்சம், முதுகில் ஜரிகை விரிப்பு. மேளத்துக்கும் வெடிக்கும் காதைக்கூட மடக்காமல் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அந்தத் தெருவில் அது நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இனி இது பாண்டி பாடு, நான் பெட்டியைக் கட்டலாம் என்று சந்தோஷமாகவே இருந்தேன். தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே. வாசலில் வந்து நிற்கிற எதையும் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கி உள்ளே போய்விட்டார், சிட்டு வெளியே நின்றது. முதலில் ஒரு அம்மா கேசரியை இலையோடு நீட்டினாள். கல்யாணக் குதிரை வாயில் நம் கை இனிப்பு பட்டால் நல்லது என்று யாரோ சொல்ல, அதற்கப்புறம் ஆளாளுக்கு வந்தார்கள். பால்கோவா, பொங்கல், தாம்பூலப் பையிலிருந்து வாழைப்பழம், ஊற வைத்த கொண்டைக்கடலை. நான் ரெண்டு தடவை "போதும்மா, போதும்மா" என்றேன். "இருக்கட்டும் நர்சம்மா, இம்புட்டுப் பெரிய உடம்புக்கு இது எம்மாத்திரம்" என்றார்கள். பாண்டி சிரித்துக்கொண்டு நின்றார். அவர் குதிரைகள் வாராவாரம் வாங்கித் தின்கிற தீனிதானே. சிட்டுவும் கொடுக்கக் கொடுக்க வாங்கியது. பிரியமாகக் கொடுக்கிறவர்களை எப்படி விரட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ராத்திரியே சிட்டுவோடு வீடு திரும்பிவிட்டேன். மறுநாள் காலை புல்லைக் கொண்டுபோய்ப் போட்டால் சிட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி போட்டதும் அப்படியே கிடந்தது. தொழுவத்தில் ஒரு துண்டுச் சாணி இல்லை. முன்காலால் தரையைப் பறண்டியது. தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது, நம் பக்கத்தில் யாரோ வந்து நின்றால் பார்ப்போமே, அப்படி. மேல் உதட்டைச் சுருட்டியது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வலி என்று வாய் திறந்து கத்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் குதிரை விஷயத்தில் ஏமாந்துபோவாய் டேனி. அது கத்தாது. அது என்ன செய்யவில்லை என்று பார்க்க வேண்டும்: தின்னவில்லை, போகவில்லை, நிலையாக நிற்கவில்லை. பீரோவிலிருந்து என் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து அதன் வயிற்றில் வைத்தேன். மற்ற நாளில் தூரத்தில் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் ஓயாமல் உள்ளே ஓடும். அன்று இடப்பக்கம் ஏதோ முனகியது, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. பிரசவ ஆபரேஷன் முடிந்தவர்களிடம் வாழ்நாள் முழுக்க நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: காத்துப் பிரிஞ்சுதா? பிரிகிறவரை ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்க மாட்டோம். அந்த நினைப்பில் தீனித் தொட்டியை உடனே காலி பண்ணினேன். ஈறை விரலால் அழுத்தி எடுத்தேன், நிறம் திரும்பி வரத் தாமதமானது. ரத்த ஓட்டம் சுணங்குகிறது என்று அர்த்தம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மகாராஜபுரத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். "வாய் வழியா எதையும் ஊத்தாதீங்க. தீனி வேண்டாம். கயித்தப் புடிச்சு மெதுவா நடத்துங்க, படுத்து உருள விடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த கையோடு பக்கத்து வீட்டுச் சுப்பக்கா வந்து நின்றாள், ஒரு கையில் விளக்கெண்ணெய்ச் சொம்பு, ஒரு கையில் மாட்டுக்கு மருந்து கொடுக்கிற மூங்கில் குழாய். பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வரும். "ஏமாயிந்தி நர்சம்மா, ஏமாயிந்தி" என என்ன ஆச்சு என்று கேட்டவள், குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "வெறும் உப்புசந்தான். எங்க மாட்டுக்கு வராததா? தலையத் தூக்கிப் புடிங்க, எண்ணெய எறக்கிருவோம். செத்த நேரத்துல ஏப்பம் விட்டுக்கிட்டுத் தின்னும் பாருங்க."

"இது மாடு இல்ல சுப்பு. மயக்கத்துல கெடக்கவ வாயில தண்ணி ஊத்துவமா?"

"அது எங்க மயங்கிச்சு? நம்மள முழிச்சு முழிச்சு பாக்குல்லா."

ஊற்றக்கூடாது என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. குழாயைப் பிடித்துக்கொண்டு நானும், சொம்பைப் பிடித்துக்கொண்டு அவளும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றோம். கடைசியில் அவள் சொம்பைத் திட்டில் வைத்துவிட்டு, "செத்துப்போனா என்னையச் சொல்லக்கூடாது" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நான் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் பின்னால் வேப்பங்குழையை வைத்துக்கொண்டு, மாமரத்தைச் சுற்றிச் சுற்றிச் சிட்டுவை நடத்தினோம். அது நின்று முன்கால் மடக்கும்போதெல்லாம் "ஏட்டி, எந்திரி, எந்திரி" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. அதன் கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகியது, என் சேலையும் நனைந்தது. கயிற்றின் ஒரு முனை அதன் தாடையில் இருந்தது, மறு முனையை நான் உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். ஆறு மாதம் என்று நீ கொடுத்துவிட்டுப் போன கயிறு இதுதானே என்று உன்மேல் எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. உன் அப்பாமேலும் வந்தது, சொல்லாமல் கொள்ளாமல் முந்திப் போனதற்கு. கேட்டு திறந்துதான் கிடந்தது. நான் உள்ளே மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்து சேரும்போது மதியமாகிவிட்டது. உன்னைவிடச் சின்னவள்தான், முகத்தில் களைப்பு, ஆனால் கை பதறவில்லை. தாடைக்குக் கீழே நாடி பார்த்தாள். வலிக்கு ஊசி போட்டாள். நீளக் கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, பெருங்குடலில் கெட்டியாக அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றாள். பிறகு மூக்கு வழியாகக் குழாயை மெல்ல மெல்ல இறக்கினாள். இரைப்பை வரை போனதும் புளித்த நாற்றத்தோடு காற்றும் தண்ணீருமாக வெளியே வந்தது. அது அடங்கிய பிறகு அதே குழாயில் லிக்விட் பாரஃபின் எண்ணெயை ஊற்றினாள். சுப்பக்காவால் பொறுக்க முடியவில்லை. "நான் ஊத்தக்கூடாதுன்னீங்க, இப்ப நீங்க ஊத்துதீங்க" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க வாயில ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும்க்கா. அது மட்டுமில்ல. மாடு ஏப்பம் விடும், நாய் கக்கிரும். குதிரைக்கு வாந்தி வராது. உள்ள போனது கீழ எறங்குனாத்தான் உண்டு. மேல வர வழி கெடையாது. ரொம்பி ரொம்பி வயிறே வெடிச்சுரும், அப்பவும் கக்காது" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மருந்து கேட்டா நல்லது. கேக்கலைன்னா குடல் முறுக்கியிருக்குன்னு அர்த்தம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோற தூரத்தை இது தாங்காது. வலி இல்லாம முடிச்சுவைக்க ஊசி இருக்கு. சாயங்காலம் நீங்கதான் சொல்லணும்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். செத்துப்போனால் போகட்டும் என்று தோன்றியது. நான் ஒன்றும் கொல்லவில்லை, நீயும் என்னைக் குறை சொல்ல முடியாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்த நினைப்பில் உடம்பே லேசானது மாதிரி இருந்தது. ஆனால் அது மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவரைக்கும்தான். அடுத்த சுற்றில் வேறொன்று தோன்றியது. குதிரையும் போய்விட்டால், டேனி கூப்பிடும்போது இனி நான் என்ன சாக்குச் சொல்வேன்?

என் குதிரைக் கவலை முழுப் பொய் என்று நினைக்காதே. பாதி நிஜம். மீதிப் பாதி, போன தடவை உன்னிடம் வந்து இருந்த பனிக்காலம். நீயும் ஷீபாவும் என்னைத் தாங்கினீர்கள். அதில் ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காலையில் வேலைக்குப் போகுமுன் எனக்கு டப்பா டப்பாவாகச் சாப்பாடு வைப்பாள் அந்தப் பிள்ளை. நீங்கள் போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நான் சாப்பிடுவேன், சன்னலில் நிற்பேன், மறுபடி சாப்பிடுவேன். ஒரு நாள் குப்பைப் பையை வைத்துவிட்டு வரலாம் என்று வெளியே வந்தேன், கதவு பின்னால் சாத்திக்கொண்டது. நீ வருகிறவரை மாடிப்படியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து பதறிப்போய், "ஏம்மா வெளிய வந்தீங்க" என்றாய். நான் ஒரு சாவி கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா சாவி, வழி தெரியாமப் போயிருவீங்க" என்று என் தோளைத் தட்டினாய். பிரியமாகத்தான் சொன்னாய். மொபெட்டில் ஒத்தையாகச் சேத்தூருக்கும் அதற்கு அப்பாலும் போய் வந்த பொம்பளை நான். அந்தச் சொல்லை விழுங்கினேன். விழுங்கியது இன்னும் அங்கேயே கிடக்கிறது. மாமரத்தடியில் குதிரையோடு சுற்றும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. இங்கே குதிரை என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அங்கே போனால் குதிரை நான்தான்.

பொழுது சாயும்போதுதான் சிட்டுவின் நடை மாறியது. இழுக்காமலே நடந்தது. வாலை லேசாகத் தூக்கியது. திரும்பி வந்திருந்த டாக்டரம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வலப்பக்கம் சத்தம் வருது" என்றாள். சுப்பக்காவும் தன் காதை அதன் வயிற்றில் வைத்துக் கேட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு காற்று பிரிந்தது, பின்னாலேயே எண்ணெய்ப் பளபளப்போடு சாணி விழுந்தது, எல்லாம் சுப்பக்காவின் காலில். அவள் நகரவில்லை. "விழுந்துட்டு நர்சம்மா, விழுந்துட்டு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிட்டுவின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். அது உயிரோடு இருக்கிறதே என்று அழுதேனா, மறுபடி மாட்டிக்கொண்டேனே என்று அழுதேனா என்று கேட்டால், ரெண்டுக்கும்தான்.

பாண்டி மறுநாள் போன் பண்ணினார். முகூர்த்த மாதம் வருகிறது, குதிரையை அனுப்புகிறீர்களா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வாராவாரம் ஒரு வாசலில் நின்று, கொடுக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டு, கக்கவும் முடியாமல் இருக்கிற வேலைக்கு அதை அனுப்ப மாட்டேன். நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். சுப்பக்கா இப்போது காலையும் மாலையும் வந்து என் ஸ்டெதாஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக் காதில் மாட்டிக்கொள்கிறாள். தெருவில் யாராவது பழத்தோலோடு கேட்டுப் பக்கம் வந்தால் அவள் போடுகிற சத்தத்தில் எனக்கே பயமாக இருக்கிறது. முந்தாநாள் தானாகவே சொன்னாள்: "நீங்க போயிட்டு வாங்க. தீனி நேரத்துக்குப் போடுவேன், தண்ணி ஓயாம வைப்பேன், வெளிய நடத்துவேன். தின்னலைன்னாலோ சாணி போடலைன்னாலோ டாக்டரம்மாவக் கூப்புடுவேன். கொழாய எங்க மாட்டுக்கே இப்ப தொடப் பயமா இருக்கு." மூங்கில் குழாயை நான் பரணில் போட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஆக, எனக்குச் சாக்கு இல்லை. இனி ஷீபாவைப் பற்றி ஒன்று. போன ஞாயிறு வீடியோவில் நீ சிட்டுவோடு கொஞ்சிக்கொண்டிருந்தபோது நான் உன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தாள். சன்னலுக்குப் போனாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி சன்னலுக்குப் போனாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சொன்னது நீதானாமே, அவள் நல்லதுக்காக. நல்லதுக்காகத்தான். அவளைத் தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே ஐயா. கூட நட. உனக்கு நேரமில்லை என்றால் நான் நடக்கிறேன். அந்தப் பனியில் சறுக்கி விழுந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம், நர்சு பக்கத்தில்தானே இருக்கிறாள்.

வருகிறேன் டேனி. டிக்கெட்டை மாற்ற வேண்டாம். முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் கொண்டு வருகிறேன். ஸ்வெட்டர் வாங்கி வைக்காதே, போன தடவை வாங்கியதே இருக்கிறது. எனக்கென்று தனி அறை, தனி டிவி என்று எதுவும் ஏற்பாடு பண்ணாதே. உன் வீட்டுக் கதவுக்கு ஒரு சாவி மட்டும் எனக்கென்று போட்டு வை. விமான நிலையத்துக்கு வரும்போது அதைச் சட்டைப்பையில் கொண்டு வா. என் பெட்டியை வாங்குமுன் அதை என் கையில் கொடு.

அம்மா